கேப்டனின் அந்த ஒரு நிமிடம்

நேற்றிரவு 'தி க்ரூயல் ஸீ' மறுபடியும் பார்த்தேன். 1953-ல் வந்த பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாம் உலகப்போர், அட்லாண்டிக் கடல், சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் 'காம்பஸ் ரோஸ்' என்ற சின்னக் கப்பல். அந்த வகைக் கப்பலே திமிங்கல வேட்டைக் கப்பலின் வடிவத்திலிருந்து பிறந்ததுதான். வேகம் 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கடலின் மேற்பரப்பில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கியைத் துரத்திப் பிடிக்கக்கூட அது போதாது.

ஒரு காட்சி. மூழ்கிய கப்பலின் மாலுமிகள் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். காப்பாற்ற வந்துவிட்டார்கள் என்று கையசைக்கிறார்கள். ஆனால் ஒலியை வைத்து நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனார் கருவி, நீர்மூழ்கி சரியாக அவர்களுக்குக் கீழேதான் இருக்கிறது என்கிறது. ஆழ்கடல் குண்டு போட்டால் இவர்கள் நிச்சயம் சாவார்கள். போடாவிட்டால் அந்த நீர்மூழ்கி இன்னும் எத்தனை கப்பல்களை மூழ்கடிக்குமோ! யோசிக்க நேரமே இல்லை.

கேப்டன் எரிக்ஸன் போடச் சொல்கிறார்.

பிறகு கேப்டனாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் முகத்தில் கண்ணீர் வழிகிறது பாருங்கள், எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கீழே நீர்மூழ்கி இருந்ததா என்பதுகூட அவருக்கு உறுதியாகத் தெரியாது. எத்தனையோ போர்ப்படங்கள் பார்த்திருக்கிறேன். இந்த முகம் மட்டும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.