வயிற்றுக் கணக்கு

ஜூன் 3, 2024

இன்றிலிருந்து எழுதுகிறேன். மண்டியில் போன வருஷத்து நீள நோட்டு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதில் கோடு போட்டு நேரம், சாப்பிட்டது, அளவு, வயிறு, தூக்கம் என்று ஐந்து கட்டம் பிரித்துக்கொண்டேன்.

எட்டு மாதமாக இந்தத் தொல்லை. சில நாள் மதியம், பல நாள் ராத்திரி, வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடுகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தார். கோதுமையால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனையும் அதில் உண்டு. நல்லவேளை, நானாக அதற்கு முன்னால் சப்பாத்தியை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடுமாம். எல்லாம் சரியாகவே வந்தது. "ரெண்டு வாரம் எதையும் மாத்தாதீங்க. வழக்கம்போல சாப்பிட்டு எழுதிட்டு வாங்க" என்றார்.

அத்தைக்கு நோட்டே தேவைப்படவில்லை. "பால்தான் கண்ணு. எங்கம்மாவுக்கும் பால் சேராது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஜூன் 5

காலை 7.40: இட்லி 4, தக்காளிச் சட்னி. 8.15: காபி. 1.20: சாதம், சாம்பார் ஒரு குழிக்கரண்டி, பீன்ஸ் பொரியல், மோர். 5.00: டீ. 8.45: தோசை 3. 9.30: உப்புசம், ஏப்பம். தூக்கம் 12க்கு மேல்.

பார்த்தால் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது. இதிலா வயிறு உப்பும்?

ஜூன் 11

இன்று மண்டியில் கணக்கு 140 ரூபாய் உதைத்தது. ஜவ்வரிசி லோடு பில்களை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் மூட்டை இறக்கியவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ, போண்டாவை யாரும் எழுதவில்லை. இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், பெரிய பில்லில் தப்பு வராது. சில்லறைச் செலவில்தான் வரும்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது வழக்கமான வண்டியில் நின்று ஒரு தட்டுவடை செட் வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் சுருக்கென்றது. வாரத்தில் நாலு நாள் இதைத் தின்கிறேன், நோட்டில் ஒரு நாள்கூட இல்லை. ஏமாற்றவேண்டும் என்று இல்லை. இதைச் சாப்பாடு என்று மனசு எண்ணவே இல்லை, அவ்வளவுதான். தாளிக்கும்போது உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கும் குழம்பு, பையன் மிச்சம் வைக்கும் அரைப் பூரி, இதெல்லாமும் அப்படித்தான்.

செட்டையும் முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். கீழே ஒரு தட்டை, அதன்மேல் பச்சைச் சட்னி, சீவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பிறகு சிவப்புச் சட்னி தடவிய இன்னொரு தட்டை. சிவப்புச் சட்னியில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "வரமிளகாயும் பூண்டும்தாங்க்கா. பூண்டு கம்மியானா யாரு வருவா?"

ஜூன் 17

நோட்டை உணவு ஆலோசகரிடம் காட்டினேன். பால் மேலும் சந்தேகம், பூண்டு வெங்காயத்தின் மேலும் சந்தேகம் என்றார். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எது திருடன் என்று தெரியாமல் போய்விடும். அதனால் முதலில் இரண்டு வாரம் பால் மட்டும் இல்லை. அத்தைக்குப் பரம திருப்தி.

ஜூன் 23

எல்லோருமாக ஏற்காடு போனோம். பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில் குமட்டியது. நோட்டை எடுத்து, இது வண்டி பண்ணிய வேலை, சாப்பாட்டின் தலையில் கட்டக் கூடாது என்று எழுதிவைத்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். ஏரிக்கரையில் கடுங்காப்பி. அந்த மலைக் காப்பியைப் பால் இல்லாமல் குடித்தால்தான் அதன் ருசி தெரிகிறது. சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி 3, பூண்டுச் சட்னி இரண்டு கரண்டி. ராத்திரி 10க்கு உப்புசம்.

ஜூலை 1

பால் இல்லாத 14 நாளில் 6 நாள் உப்புசம். ஆறு நாளுமே சாயங்காலம் தட்டுவடை, இல்லை பூண்டுச் சட்னி. இன்று காலை ஆலோசகர் சொன்னபடி வெறும் வயிற்றில் 250 மில்லி பால் குடித்தேன். அதில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ் இருக்குமாம். பாலில் இருக்கிற சர்க்கரை அது, செரிக்காதவர்களில் சிலருக்கு வயிறு உப்ப இதுவே போதும். மதியம் வரை காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அத்தை அசரவில்லை. "நம்ம பால்காரர் நல்ல பால் ஊத்தறாரு, அதான்."

ஜூலை 5

மூன்று நாளாகப் பூண்டு, வெங்காயம், கோதுமை மூன்றும் இல்லை. மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலிலேயே கிடையாதாம். அது அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்கே கிருமிகள் நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான், சிலர் வயிறு மட்டும் தாங்குவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் கோதுமையைவிடப் பூண்டில் பல மடங்கு அதிகம்.

ஆலோசகர் ஒரு வழியும் சொன்னார். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டைச் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் மட்டும் வரும். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டு, சாப்பிடும்போது ஒதுக்கினால் பிரயோஜனமில்லை, எல்லாம் ரசத்தில் இறங்கியிருக்கும். நான் இத்தனை நாள் ஒதுக்கிக்கொண்டுதான் இருந்தேன்!

ஜூலை 17

ஆடி ஒன்று. தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசம். அவல், வெல்லம், பொட்டுக்கடலை, எள் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் சொருகிச் சுட்டோம். ஓடு கருகி வெடித்ததும் பையனுக்குப் பொறுக்கவில்லை, ஊதி ஊதித் தின்றான். நானும் கால் மூடி தின்றேன், எழுதினேன். வயிறு சமர்த்து.

இந்தப் பதினைந்து நாளில் ஒரே ஒரு நாள்தான் உப்புசம். கல்யாண வீட்டுக் குருமா.

ஜூலை 22

பூண்டைத் திரும்பச் சேர்க்கும் பரீட்சை. சனிக்கிழமை அரைப் பல், ஒன்றுமில்லை. நேற்று ஒரு பல், லேசாக ஏப்பம். இன்று மதியம் மூன்று பல். மூன்றரைக்குப் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டினேன்.

ஜூலை 29

வெங்காயம் இரண்டு மூன்று கரண்டி வரை பரவாயில்லை. சப்பாத்தி இரண்டு தின்றும் ஒன்றும் இல்லை. அத்தை இப்போது ரசத்தை இரண்டாகப் பிரித்து, எனக்குத் தனியாகப் பூண்டு போடாமல் வைக்கிறார். பால்தான் என்று முன்பு சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2

மாலை 6.10: தட்டுவடை செட் ஒன்று. சிவப்புச் சட்னி வேண்டாம் என்றதும் வண்டிக்காரத் தம்பி, கோயில் பிரசாதத்தை வேண்டாம் என்றவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். பச்சைச் சட்னியில் பூண்டு உண்டா என்று கேட்டேன். இல்லையாம். தட்டை மாவில்? "அது வீட்டுல அம்மா போடறது, கேட்டுச் சொல்றேன்க்கா."

9.40: லேசான உப்புசம். கேட்டுச் சொல்லட்டும்.