பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் முட்டை

திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இந்த ஊரில் ஒரு பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதைப் பெரும்பாலும் பனியன் கம்பெனியின் ஷிப்ட் நேரம்தான் முடிவு செய்கிறது. ஆர்டர் அவசரமென்றால் பெற்றோர் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனவர்கள் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். விடியற்காலையில் வடித்த சோறுதான் மூன்று வேளைக்கும்.

சம்பளம் சனிக்கிழமை. ஞாயிறு கறி எடுப்பார்கள். திங்களன்று டிபன் பாக்ஸில் அந்தக் குழம்பின் மிச்சம் வரும். வியாழன், வெள்ளியில் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், தொட்டுக்கொள்ள ஊறுகாயும். அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் ரேஷனில் தரும் ஒரு கிலோ துவரம் பருப்பு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்?

பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவியின் அம்மாவிடம், "வாரம் இரண்டு நாளாவது கீரை கொடுங்களேன்ம்மா" என்றேன். "வாங்குவது பெரிதில்லை டீச்சர், யார் ஆய்வது? ஊரில் என் மாமியார் இருந்தவரை தினமும் கீரைதான். இங்கே ராத்திரி உட்கார்ந்து ஆய்ந்தால் மறுநாள் மிஷினில் கை நிற்காது" என்றார். வறுமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வீட்டில் ஆள் இல்லாமையைப் பற்றிப் பேசுவதே இல்லை. மதுரை, தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் பாட்டியும் முருங்கை மரமும் ஊரிலேயே தங்கிவிட்டன.

அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு. தம்பி எட்டாவது, அவனுக்குப் பள்ளியில் சத்துணவும் முட்டையும் உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் 1984-இல் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. அதற்கு மேல் வரவில்லை. காலையில் சோறு வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, வெறும் டீயோடு இவள் ஓடி வருகிறாள். பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வளர்ந்த ஆணுக்கு 19 போதும். தேவை உச்சத்தில் இருக்கும் வயதில் தட்டை எடுத்துவிடுகிறோம்.

வாரந்தோறும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால், சாப்பிடாமல் வந்தவர்கள் அதைப் பையில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது.

சத்துணவுக் கூடமும் அடுப்பும் அண்டாவும் எங்கள் வளாகத்திலேயே இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே சோறும் முட்டையும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.