சொந்த வீட்டுக்குக் குடிக்கூலி

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு வாரமாக, படிப்பு வழியே, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனின் 1898ஆம் ஆண்டிலேயே குடியிருக்கிறேன். கடற்கரையில் உள்ள ஃப்ரீடவுன் 1808 முதலே பிரிட்டனின் காலனியாக இருந்தது. உள்நாட்டையும் 1896இல் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக பிரிட்டன் அறிவித்தது. அதற்காகும் செலவைப் பாதுகாக்கப்படுகிறவர்களே தர வேண்டும் என்றார் ஆளுநர் கார்டூ. வீட்டுக்கு 5 ஷில்லிங் வரி, 1898 ஜனவரி முதல்.

ஜூன் 4, புதன்

உள்நாட்டின் வடபகுதியில் வாழும் தெம்னே மக்களைக் கொதிக்க வைத்தது தொகை மட்டுமல்ல. நான் இருக்கும் வீட்டுக்காக இன்னொருவனுக்குப் பணம் கொடுத்தால், வீடு அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். நம் மொழியில் அதற்குப் பெயர் குடிக்கூலி. மண் குழைத்துச் சுவர் எழுப்பி, கூரை வேய்ந்து, பாட்டன் கட்டிய வீட்டுக்கு எவனோ ஒருவனுக்குக் குடிக்கூலியா?

தலைவர்கள் முதலில் ஆயுதம் எடுக்கவில்லை. மனுக் கொடுத்தார்கள், மன்றாடினார்கள். போர்ட் லோக்கோவில் வரி வசூலித்துத் தர மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள். சண்டையிலிருந்தே கதையைத் தொடங்குகிறவர்கள் இந்த மனுக்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தெம்னே நாட்டில் காசே பகுதியின் தலைவர் பாய் புரே. பிப்ரவரியில் அவரைப் பிடிக்க பிரிட்டிஷ் படை கிளம்பியது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. அதன் ஓரத்தில், புதருக்குள் மறைவாக, தடித்த மரக்கட்டைகளை ஊன்றிய தடுப்பு. துப்பாக்கிக் குழல் நுழையும் அளவுக்கு இடுக்கு. சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே தடுப்பை எட்டும்போது உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள். பின்பக்கம் வழி வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது.

பிடிக்க முடியாத படை ஊர்களைக் கொளுத்தியது. எந்த வீடுகளுக்கு வரி கேட்டார்களோ, அதே வீடுகளை!

ஜூன் 9, திங்கள்

ஏப்ரல் கடைசியில் தெற்கே மெண்டே மக்கள் எழுந்தார்கள். மிஷனரிகளும் கிரியோல் வணிகர்களும் கொல்லப்பட்டார்கள், பெண்கள் உட்பட. கிரியோல்கள் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். ஃப்ரீடவுனில் அவர்களுடைய பத்திரிகைகளே இந்த வரியைக் கண்டித்து எழுதியிருந்தன. இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவன்.

ஜூன் 14, சனி

விசாரிக்க லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட டேவிட் சால்மர்ஸ், வரியை நீக்கச் சொல்லி அறிக்கை தந்தார். பிரிட்டனில் காலனிகளுக்கான அமைச்சர் சேம்பர்லின் கார்டூவின் பக்கம் நின்றார். வரி நீடித்தது.

பாய் புரே 1898 நவம்பர் 11 அன்று பிடிபட்டார். கோல்டு கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா) நாடு கடத்தினார்கள். 1905இல் திரும்பி, மீண்டும் காசேயின் தலைவராகி, 1908இல் இறந்தார். நெடுங்காலம் அவருக்கு ஓர் ஆங்கிலேய அதிகாரி வரைந்த கோட்டோவியம் மட்டுமே இருந்தது. சிறைப்பட்டிருந்தபோது எடுத்த புகைப்படம் இந்த நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. பக்கத்தில் காவலுக்குச் சிப்பாய் நிற்கிறான். அவரோ அமர்ந்தபடி கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்.

அவரோடு நாடு கடத்தப்பட்ட பாங்குமாவின் தலைவர் நியாகுவா ஊர் திரும்பவில்லை, அங்கேயே இறந்துவிட்டார். நாளை அவரைப் பற்றிப் படிக்க வேண்டும்.