கொரிய வரலாறு முனைவர் தகுதித் தேர்வு: முதலில் ஹன்முன்

போன வாரம் முடிவு வந்தது. பாஸ். மூச்சு வந்துவிட்டது. அடுத்த பருவத்தில் எழுதப்போகிறவர்களுக்காகச் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

பாடத் தாள்கள் சமாளிக்கக்கூடியவை. ஆளைக் கவிழ்ப்பது பழைய சீன நடையான ஹன்முன் தாள்தான். "எல்லாவற்றுக்கும் இணையத்தில் கொரிய மொழிபெயர்ப்பு இருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அது போதும்" என்று ஒரு சீனியர் அடித்துச் சொன்னார். தயவுசெய்து நம்பாதீர்கள். கொரியாவை ஆண்ட சோசன் வம்சத்தின் அரச வரலாறான சில்லோக் முழுதும் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, சரி. அரச செயலக நாட்குறிப்பான சுங்ஜோங்வொன் இல்கி அப்படியில்லை. அதைத் தொடாமல் பிற்காலச் சோசனை எப்படி ஆராய்வது?

என் வழி ஒன்றுதான். கொரிய தேசிய வரலாற்று நிறுவனத்தின் தளத்தில் சில்லோக் மூலம் நிறுத்தக்குறிகளோடு இருக்கிறது. எங்கள் தேர்வில் வந்ததோ குறியே இல்லாத மூலம். அதனால் தினமும் ஒரு பதிவைக் குறியில்லாமல் கையால் எழுதி, எங்கே நிறுத்துவது என்று நானே கோடு போட்டு, அப்புறம் தளத்தோடு ஒப்பிடுவேன்.

1404-இல் மன்னர் தேஜோங் மான் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்த பதிவில் தொடங்குங்கள். எழுந்தவர் சுற்றுமுற்றும் பார்த்து, வரலாற்று அலுவலருக்கு இது தெரியக்கூடாது என்கிறார். மூலத்தில் ஆறே எழுத்து. அந்தக் கட்டளையும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது! அலுவலர்களின் சுதந்திரம் பற்றிக் கட்டுரை கேட்டால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பாடத் தாளுக்கு:

- சமூக அடுக்கு: தேகு வட்டாரத்துக் குடும்பப் பதிவேடுகளில் 1690-இல் சுமார் 9 சதவீதமாக இருந்த யாங்பான் (உயர்குடி) குடும்பங்கள் 1858-இல் 70 சதவீதமானதாக ஜப்பானிய ஆய்வாளர் ஷிகாத்தா ஹிரோஷி காட்டினார். எண்ணை எழுதிவிட்டு நகராதீர்கள். 'யுஹாக்' (பதவி இல்லாத கல்விமான்) என்று பதிந்தவரெல்லாம் உண்மையில் யாங்பானா, படைவரிக்குத் தப்பப் பதிந்தவரும் உண்டா என்பதில்தான் சண்டையே.
- 1894 கபோ சீர்திருத்தம்: அரசுப் பணிக்கான குவாகோ தேர்வும் அடிமைமுறையும் ஒழிந்ததைச் சேர்த்தே படியுங்கள்.
- 1910-45, ஜப்பானிய ஆட்சிக் காலம்: கொரியா தானாகவே நவீனமாகிக்கொண்டிருந்தது என்னும் உள்வளர்ச்சி வாதம், காலனிய ஆட்சியில்தான் நவீனமானது என்னும் காலனிய நவீனமாக்கல் வாதம் இரண்டையும் சொல்லி, நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நழுவல் பதில் வேண்டாம்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவே இல்லை. ஹன்முனைத் தனியாக, சத்தம் போட்டு வாசித்தால்தான் வாக்கியம் எங்கே முடிகிறது என்று காதுக்குப் பிடிபடும்.

அகராதிக்கு அனுமதி உண்டா என்று துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். எங்களுக்கு உண்டு. ஆனால் எழுத்தின் அடிப்படைக் கூறை வைத்துத் தேடும் பழக்கம் கையில் இல்லாவிட்டால், பக்கம் புரட்டுவதிலேயே அரை நேரம் போய்விடும்.