வகுப்பில் ஒரு அங்கிள்

பல வருஷம் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தால் வயசுதான் உறுத்தும் என்பார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பக்கத்து பெஞ்ச் பிள்ளைகள் முதலில் 'சார்' என்று ஒதுங்குவார்கள், அப்புறம் நோட்ஸ் கேட்டு வந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நிஜமான தலைவலி கணக்கு. பழைய நோட்டில் வகையிடலின் சங்கிலி விதி என் கையெழுத்திலேயே இருக்கிறது, நானோ யாரோ எழுதி வைத்ததைப் பார்ப்பதுபோல முழிக்கிறேன்.

ஆனால் மறந்தது முழுசாகப் போய்விடுவதில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, திரும்பப் படித்துப் பார்த்தார். இரண்டாம் முறை நேரம் குறைவாகவே பிடித்தது, 1885இல் வெளியிட்டிருக்கிறார். எனக்கும் அதேதான், நாலு கணக்கை எழுதிப் போட்டதும் கை தானாக ஓடுகிறது.

அதேபோல, மார்க்கரால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது (ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டியதும் இதைத்தான்). வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவருக்கு இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: வாய்ப்பிருந்தால் முதல் செமஸ்டரில் பாடங்களைக் குறைத்தே எடுங்கள். குரூப் ப்ராஜெக்டுக்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் பேச ஆரம்பிப்பதே ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான்.