கருத்தடையும் தடுப்பூசியும் ஒரே நாளில் முடிந்த பிறகு

எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி மிளகிக்கு ஐந்து மாதம் நிறைந்த வாரத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். கடைசித் தவணையாகப் போட வேண்டியிருந்த முத்தடுப்பு ஊசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் அதுவரை தள்ளிப் போயிருந்ததால், அவளை இன்னொரு முறை கூண்டில் அடைத்து ஆட்டோவில் அலைக்கழிக்க வேண்டாம் என்று மருத்துவர் இரண்டையும் அன்றைக்கே போட்டு அனுப்பினார். அன்றிரவு தள்ளாடினாள், மறுநாள் காலையில் கொஞ்சம் தின்றாள், மாலையானதும் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டு, பிடித்த மத்தி மீனை நீட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுவையால் வந்த சோர்வா, ஊசியால் வந்த காய்ச்சலா, இரண்டும் அல்லாத வேறு ஏதாவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை. பிரித்தறிவதற்கு எனக்குப் பெரிதும் உதவியவை கடிகாரமும் வெப்பமானியும்தான்.

முதல் நாளில் தெரிவது பெரும்பாலும் மயக்க மருந்தின் வேலை. பூனைகளுக்கு நம் ஊரில் பரவலாகப் பயன்படும் கெட்டமின், சைலசின் ஆகிய இரண்டில் முன்னது கண்களைத் திறந்தபடியே வைத்திருக்கும், கருமணியை விரியச் செய்யும், தெளியும்போது தலையை ஆட்ட வைக்கும். பின்னது வாந்தியைத் தூண்டும். எனவே வீடு திரும்பிய குட்டி ஒருமுறை வாந்தியெடுப்பதும், நடக்கும்போது பின்னங்கால்கள் பின்னிக்கொள்வதும், கண்ணின் உள்மூலையில் வெள்ளைச் சவ்வு மேலேறி நிற்பதும் அந்த இரவில் அச்சப்பட வேண்டியவை அல்ல. அச்சப்பட வேண்டியது குளிர்ச்சிதான். சிறிய உடம்பு மயக்கத்தில் வெப்பத்தை மிக விரைவாக இழந்துவிடும்; அதனால் மின்விசிறிக்கு நேர் கீழே கிடத்தாமல், துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வேண்டும்போது அது விலகிப் போக இடமும் விட்டு, தரையோடு தரையாகப் படுக்க வைக்க வேண்டும். கட்டில், அலமாரி போன்ற உயரங்களில் ஏற விடக் கூடாது. விழுங்கும் உணர்வு முழுதாகத் திரும்பும் முன் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும்.

மயக்கத்தின் தாக்கம் ஒரு நாளில் தெளிந்துவிட வேண்டும். அதன் பின்னும் குட்டி எழாமல் கிடந்தால் நான் முதலில் பார்ப்பது ஈறுகளைத்தான். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் ஒரு கணம் அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். பெண் குட்டிக்குக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்படுவதால், உள்ளே கட்டிய ஏதேனும் ஓர் இரத்தக்குழாய் நழுவினால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஈறு வெளுத்து, காதும் பாதமும் சில்லிட்டு, வயிறு உப்பி, மூச்சு வேகமானால் அது விடியும்வரை காத்திருக்கும் விஷயமே அல்ல. ஆண் குட்டிக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. அதன் காயம் சிறியது, பெரும்பாலும் தையல்கூட இருக்காது.

தடுப்பூசியின் கணக்கு வேறு. ஒவ்வாமை என்றால் போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் வீங்கும், அடுத்தடுத்து வாந்தி வரும், மூச்சு திணறும். அது அரிது, ஆனால் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பரவலாக வருவது இலேசான காய்ச்சலும் பசியின்மையும்தான். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். பூனையின் இயல்பான உடல்வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை என்பதால், மனிதக் கணக்கில் காய்ச்சலாகத் தெரியும் 101 அதற்கு நலமான நிலை. மூக்கைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்வதில் பொருளில்லை. முனையில் சிறிது வாசலின் தடவிய வெப்பமானியை ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. மிளகிக்கு அன்று மாலை 103-க்குச் சற்று மேலே இருந்தது, ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது, காயம் உலர்ந்திருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இம்மூன்றையும் சொன்னதும், ஊசிக் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, காலையில் எப்படியும் கொண்டுவாருங்கள் என்றார்.

அந்த இரவில்தான் பக்கத்து வீட்டு அம்மா பரிவோடு ஒரு வைத்தியம் சொன்னார்: “அரை பாராசிட்டமாலை நுணுக்கித் தேன்ல குழைச்சுக் குடுங்க தம்பி, விடியறதுக்குள்ள ஓடிடும்.” இதைச் சொல்லாத தெருவே தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன், குழந்தைக்குக் கேட்கும் மருந்து குட்டிக்கும் கேட்கும் என்ற நம்பிக்கையில் சொல்வது. ஆனால் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவில் இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது இரண்டு கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம். அதில் பாதிக்கும் குறைந்த அளவே அதன் இரத்தத்தை உயிர்வளி சுமக்க முடியாததாக மாற்றப் போதும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும், சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் தொடங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டவர்கள் உடனே மருத்துவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. பூனைகளின் வலிக்கென்றே மருத்துவர் தரும் மெலாக்சிகாமைக்கூட நம் விருப்பத்துக்கு மறுமுறை கொடுக்கக் கூடாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காயத்தில் டெட்டால் தொட்டு வைப்பதும் தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பதும் இதே வகை ஆபத்துகள். பீனால் சேர்ந்த பொருள்களைப் பூனையின் உடம்பு கழிக்க இயலாது. அது தன் மேனியையும் பாதத்தையும் நக்கியே சுத்தம் செய்வது, ஆகவே பூசியது எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். மஞ்சள்தூளுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. காயத்தை உலர்வாக விட்டுவிட்டு, கழுத்தில் கூம்புப் பட்டையை மாட்டி, தையலை நக்க முடியாமல் செய்தாலே போதும். பட்டை போட்ட முதல் மணி நேரத்தில் அவள் பின்னோக்கியே நடந்து வீட்டைச் சுற்றிய காட்சி பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் மூன்றாவது வாய்ப்பு. ஊசி போட்டு நான்கைந்து நாள் கழித்துக் குட்டிக்குக் கடும் காய்ச்சலும் தொடர் வாந்தியும் கண்டு, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு குடிக்கவும் மாட்டாமல் இருந்தால், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. வெள்ளணுக்களை அழிக்கும் பூனைப் பார்வோ நோய் தொற்றிய இரண்டு முதல் பத்து நாளுக்குள் வெளிப்படும். தடுப்பூசியின் காப்பு உருவாகவும் சில நாள்கள் வேண்டும். அந்த இடைவெளியில், நோயுற்ற குட்டிகளும் வந்துபோகும் காத்திருப்புக் கூடத்திலோ நம் செருப்போடு வந்த மண்ணிலோ இருந்து கிருமி ஏறிவிடலாம். இந்தக் கிருமி வெளியில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தடுப்பூசியின் மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்கள் இழப்பது, சிகிச்சைக்கு வாய்ப்புள்ள அந்த ஓரிரு நாள்களைத்தான்.

மிளகிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. காலையில் மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றி ஓர் ஊசியும் போட்டார். வெங்காயமோ பூண்டோ சேர்க்காமல் வேகவைத்த கோழியின் சாற்றை வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொன்னார். சூடு மணத்தை எழுப்பும் என்பதால் பசியற்ற பூனையும் சற்று நாக்கை நீட்டும். ஒரு முழு நாள் எதுவும் தின்னாத குட்டியை அப்படியே விடக் கூடாது. அதன் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு சொற்பம்.

இரண்டையும் ஒரே நாளில் செய்தது சரியா என்று அதன் பிறகு பலர் கேட்டார்கள். தெருப்பூனைக்கென்றால் அதுவே சரி என்பேன். இன்று விட்டால் அது மறுபடி பிடிபடாது, கருத்தடையன்று போட்ட ஊசியும் போதிய எதிர்ப்பாற்றலைத் தருகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்ததுதான். தெருநாய்களுக்கும் கருத்தடையோடு வெறிநோய்த் தடுப்பூசி போட்டே திருப்பி விட வேண்டும் என்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. மடியில் வளரும் வீட்டுக்குட்டிக்கு அந்த அவசரம் இல்லை. ஊசியை முன்னதாக முடித்து, இரண்டு வாரம் விட்டு அறுவைக்குக் கொண்டுபோனால், மருத்துவமனைக்குள் நுழையும்போதே உடம்பில் காப்பு இருக்கும். சோர்ந்து படுத்தாலும் காரணம் எதுவென்று தேட வேண்டியிராது. அடுத்த குட்டிக்கு அப்படித்தான் செய்யப் போகிறேன்.

மிளகியின் பின்னங்காலில் ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி ஒன்று சில வாரங்கள் இருந்து கரைந்தது. இத்தகைய கட்டி மூன்று மாதம் கடந்தும் மறையாவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே போனாலோ சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.