36 அங்குலம் என்றால் டைல்ஸ் ஒட்டிய பிறகு 36 அங்குலம்

அமெரிக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரைபடம் போடுகிறவர்களுக்காக இது. பிளானைச் சரிபார்க்கிறவரின் சிவப்புக் கோடு அடிக்கடி விழும் இடம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஷவர்.

முதலில் எந்த விதி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குடியிருப்புகளில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டமான ஃபேர் ஹவுசிங் சட்டம் 4 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு. 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த கட்டடங்கள் எல்லாம் இதில் அடங்கும். லிஃப்ட் இருந்தால் எல்லா வீடுகளும், இல்லாவிட்டால் தரைத்தள வீடுகள். வீட்டில் குளிக்க ஷவர் மட்டுமே இருக்கிறது என்றால் அது குறைந்தது 36 x 36 அங்குலம். கீழே உள்ள நீச்சல்குளம், ஜிம் போன்ற இடங்கள் பொதுமக்களுக்கும் திறந்திருந்தால் 2010 ஏ.டி.ஏ (அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்) தரநிலையின் 608-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்.

குழப்பம் தொடங்குவது அங்கேதான். 608-இல் டிரான்ஸ்ஃபர் ஷவருக்கு (சக்கர நாற்காலியை வெளியே விட்டு உள்ளே இருக்கைக்கு மாறும் வகை) 36 x 36 என்பது குறைந்தபட்சம் அல்ல, அதுவேதான் அளவு. "கொஞ்சம் தாராளமாக 42 வைப்போமே" என்பது நல்ல எண்ணம், ஆனால் தவறு. சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தவர் எதிர்ச்சுவரில் உள்ள குழாயையும் கைப்பிடிக் கம்பியையும் எட்டிப் பிடிக்க வேண்டும். சுவர் தள்ளிப்போனால் கை எட்டாது. குழாய் 38 முதல் 48 அங்குல உயரத்தில், இருக்கை 17 முதல் 19-இல், கம்பி 33 முதல் 36-இல் என்று மற்றவற்றுக்கும் அளவு உண்டு; ஆனால் கை எட்டுவது அந்த 36-ஐ நம்பித்தான்.

36 அங்குலம் என்பது 915 மி.மீ. நம் ஊர் வரைபட மென்பொருள் லைப்ரரியில் இருக்கும் 900 மி.மீ ஷவரைத் தூக்கிப் போட்டால் அரை அங்குலத்துக்கு மேல் குறையும். அளவு எடுப்பது எதிரெதிர் பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே, வேலை முடிந்த பரப்பில். டைல்ஸுக்குப் பின்னால் வரும் அரை அங்குல பேக்கர் போர்டு, பிறகு பசை, டைல்ஸ் என்று ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் போய்விடும். எனவே ஸ்டட்டுக்கு ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் சட்டங்களுக்கு இடையே) 38 அங்குலம் தேவைப்படலாம். ரெடிமேட் ஃபைபர் யூனிட் என்றால் பட்டியலில் உள்ள பெயரளவை நம்பாமல், உள்ளளவு எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

சக்கர நாற்காலியோடு உள்ளே போகும் ரோல்-இன் ஷவர் வேறு வகை. இது குறைந்தபட்சம் 30 x 60. முன்னால் அதே அளவு வெற்றுத்தரை. பாத்டப்பின் அளவும் 60 என்பதால் டப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ரோல்-இன் வரைவது வழக்கம். பொறி அங்கேதான்: டப் நேராக ஸ்டட்டை ஒட்டி உட்காரும், டைல்ஸ் அதன் விளிம்புக்கு மேல்தான் வரும். ஷவரில் இரண்டு பக்கமும் டைல்ஸ் தரை வரை இறங்குவதால் 60 அங்குலம் 58-க்கு வந்துவிடும். சுவரை நகர்த்துவது பிளான் கட்டத்திலேயே செய்ய வேண்டிய வேலை. பிளம்பிங் இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

வாசற்படி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. தரைச் சரிவு அதிகபட்சம் 1:48, அதாவது 30 அங்குலத்துக்கு 5/8 அங்குலம். இந்தச் சரிவுக்கான தடிமனை ஸ்லாபிலோ மரத்தரையிலோ முன்கூட்டியே தாழ்த்தி வாங்காவிட்டால் ஷவர் தரை வெளித்தரையைவிட மேலே நிற்கும். அந்தத் தாழ்வை ஸ்ட்ரக்சுரல் ஷீட்டிலும் காட்டச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்சரல் ஷீட்டில் மட்டும் இருந்தால் கான்கிரீட் போடுகிறவர் பார்க்க மாட்டார். நீள்வடிகாலைப் பின்சுவரோரம் வைத்தால் சரிவு ஒரே திசையில் போகும், டைல்ஸ் வெட்டும் வேலையும் குறையும்.

கைப்பிடிக் கம்பி இப்போது மாட்டாத வீடுகளிலும் சுவருக்குள் மரக்கட்டை பதித்திருக்க வேண்டும். கம்பிக்கு 250 பவுண்ட் சுமை தாங்கும் வலு வேண்டும். வெறும் போர்டில் திருகினால் பிய்ந்து வரும். கட்டை எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை என்று சுவர் எலிவேஷனில் அளவு போட்டுக் காட்டுங்கள், "தேவையான இடத்தில்" என்று எழுதி விட்டுவிடாதீர்கள்.